பள்ளிக்கூட மணி கொஞ்சம் பிந்தி அடித்தால் என்ன?

திருகோணமலை உவர்மலை, அக்காவின் வீடு, விடிய ஐந்தே கால். குசினி வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதில் மருமகள், அவளுக்குப் பின்னால் சீப்புடன் அக்கா. இரட்டைப் பின்னலில் ஒன்று முடிந்து ரிபனும் கட்டியாகிவிட்டது. மற்றது பாதியில் நிற்கிறது, ஏனென்றால் பிள்ளை நித்திரை. இருந்தபடியே நித்திரை. தலை முன்னால் சரியச் சரிய அக்கா பின்னலைப் பிடித்து மெல்ல இழுத்து நிமிர்த்துகிறாள், இரண்டு மடிப்புப் பின்னுவதற்குள் மறுபடியும் சரிகிறது. கையில் இருந்த பிளேன்டீ வெள்ளைச் சட்டையில் ஊற்றுப்படப் போகிறதே என்று கோப்பையை நான்தான் வாங்கி வைத்தேன். ஐந்தே முக்காலுக்குக் கணித டியூசன், அது முடிய அங்கிருந்து நேரே பள்ளிக்கூடம். ஏழரைக்கு மணி. மணி அடித்தால் கேற்றைப் பூட்டிவிடுவார்கள், பிந்தி வந்தவர்கள் மாணவத் தலைவர்களிடம் பெயரைக் கொடுத்துவிட்டு ஒரு பக்கமாக வரிசையில் நிற்கவேண்டும்.

அவளுக்கு வயது 15, அடுத்த வருடம் ஓ.எல்., அதாவது சாதாரண தரப் பரீட்சை. முதல் நாள் இரவு படுத்தது பதினொன்றுக்கு மேல், எழுப்பியது நாலே முக்காலுக்கு. விரலை மடித்து எண்ணினால் ஆறு மணித்தியாலம்கூட இல்லை. அந்த வயதில் எட்டிலிருந்து பத்து மணித்தியாலம் வேண்டும் என்று நித்திரை மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலக் கடன் என்று குறைத்து வைத்தாலும் வெள்ளிக்கிழமை வரும்போது பத்து மணித்தியாலம், அதாவது ஒரு முழு இரவை அப்படியே தொலைத்த கணக்கு.

இந்த இடத்தில்தான் வெளிநாடுகளில் கொஞ்சக் காலமாகவே ஒரு வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. பதின்வயதுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைக் காலையில் இன்ன மணிக்கு முன்னர் தொடங்கக்கூடாது என்று அரசாங்கமே சட்டமாகப் போட்டுவிடவேண்டும் என்கிறார்கள். கேட்டவுடன் "ஓ, சோம்பேறிகளுக்குச் சட்டமா" என்று சிரிக்கத்தான் தோன்றும், நானும் முதலில் சிரித்தவன்தான். ஆனால் அந்த வாதத்துக்குப் பின்னால் இருப்பது சோம்பலைப் பற்றிய கதை இல்லை, உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தைப் பற்றிய கதை. அதை இயன்றவரை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன், அப்புறம் திருகோணமலைக்கு அது பொருந்துமா என்று கதைப்போம், ஏனென்றால் அங்கேதான் விசயம் சிக்கலாகிறது.

நித்திரை நமக்கு வருவது இரண்டு காரணங்கள் ஒன்று சேர்வதால். 1982இல் சூரிச்சில் அலெக்சாண்டர் போர்பெலி என்ற விஞ்ஞானி எழுதி வைத்த விளக்கம் இது, இன்றைக்கும் பாடம் அதிலிருந்துதான் தொடங்கும். முதலாவதை நித்திரைப் பசி என்று வைத்துக்கொள்ளுங்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளைக்குள் அடினோசின் என்ற பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருகிறது, சேரச் சேரக் கண் சொருகுகிறது, படுத்தால் அது கரைந்து போகிறது. தேத்தண்ணியிலும் கோப்பியிலும் இருக்கும் கஃபீன் செய்வது இந்த அடினோசின் போய் உட்காரவேண்டிய கதிரையில் தான் ஏறி உட்கார்ந்துகொள்வதுதான். பசியைத் தீர்க்காது, தெரியாமல் மறைத்து மட்டும் வைக்கும். அதனால்தான் பிளேன்டீயைக் குடித்துவிட்டும் மருமகள் ஸ்டூலில் சரிகிறாள்.

இரண்டாவது, உடம்பின் கடிகாரம். மூளையின் அடிப்பக்கத்தில், இரண்டு கண்ணிலிருந்தும் வரும் நரம்புகள் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசியளவுகூட வராத ஒரு சின்ன நரம்புக் கூட்டம் இருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சத்தைப் பார்த்து இது பகல், இது இரவு என்று உடம்பு முழுவதற்கும் அறிவிப்பது அதன் வேலை. இருட்டத் தொடங்கி நேரம் போக, அதன் சொல்படி மெலடோனின் என்ற சுரப்பு இரத்தத்தில் ஏறும். அது ஏறினால்தான் உடம்பு கடையைச் சாத்த ஆயத்தமாகும். நித்திரைப் பசி எவ்வளவு இருந்தாலும் இந்தக் கடிகாரம் இன்னும் நேரமாகவில்லை என்றால் கண் மூடாமல் கூரையைப் பார்த்துக் கிடக்கவேண்டியதுதான். கட்டாரிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்து இறங்கிய சொந்தக்காரர் யாரையாவது கேளுங்கள், சொல்வார்கள்.

சரி, இதில் பதின்வயதுக்கு என்ன விசேஷம்? பருவமடையும்போது இந்தக் கடிகாரம் பின்னுக்குப் போகிறது. எட்டு வயதில் இரவு எட்டரைக்கே சோற்றுக் கோப்பையில் முகம் விழும் பிள்ளை, பதினைந்து வயதில் பத்தரை பதினொன்று வரைக்கும் கொட்டக் கொட்ட முழித்திருக்கும். மெலடோனின் ஏறும் நேரமே ஒன்றிலிருந்து இரண்டு மணித்தியாலம் வரை தள்ளிப்போகிறது, அந்த வயதில் நித்திரைப் பசி சேர்வதும் கொஞ்சம் மெதுவாகிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கடன் என்பவர் பல வருடங்களாக ஆராய்ந்து காட்டியது இதைத்தான், அதுவும் 1990களின் தொடக்கத்திலேயே. அந்தக் காலத்தில் பிள்ளைகளின் கையில் ஸ்மார்ட்ஃபோன் இல்லை, பேஸ்புக் இல்லை, டிக்டொக் இல்லை. ஆகவே "எல்லாம் இந்த ஃபோனால் வந்தது" என்ற அக்காவின் வழக்கமான தீர்ப்பு பாதிதான் சரி. ஃபோன் வெளிச்சமும் அதில் ஓடும் கதைகளும் ஏற்கெனவே பிந்திப்போன கடிகாரத்தை இன்னும் பிந்த வைக்கின்றன, அவ்வளவுதான்.

இரவுப் பக்கம் கதவு பின்னுக்கு நகர்ந்துவிட்டது. காலைப் பக்கக் கதவு ஏழரை மணியில் ஆணி அடித்து நிற்கிறது. நடுவில் நசிபடுவது நித்திரை. அதிலும் நசிபடும் துண்டு எது என்று பார்த்தால் விடியப்புறத்துத் துண்டு, கனவு அதிகம் வரும் நித்திரை பெரும்பாலும் அந்தக் கடைசி மணித்தியாலங்களில்தான் வருகிறது. படித்ததை மூளை அடுக்கி வைக்கும் வேலையில் நித்திரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அதைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுப்பி இன்னும் கொஞ்சம் படிக்க அனுப்புகிறோம். எனக்கு இது குடத்தின் அடியில் ஓட்டை இருக்க மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் வேலையாகத்தான் படுகிறது.

இனி, மணியைப் பின்னால் தள்ளிப் பார்த்தவர்களின் கதை. அமெரிக்காவில் பல இடங்களில் உயர்தரப் பள்ளிக்கூடங்கள் நம்முடையதைவிட முந்தியே தொடங்கிவந்தன, ஏழு, ஏழே கால் என்றெல்லாம். காரணம் ஒன்றும் பெரிய தத்துவமில்லை, பஸ்தான். ஒரே மஞ்சள் பஸ் மூன்று சுற்று ஓடவேண்டும், பெரிய பிள்ளைகள் இருட்டில் நின்றாலும் பரவாயில்லை என்று முதல் சுற்றை அவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். மினசோட்டா மாநிலத்தில் ஈடைனா என்ற ஊர் 1996இல் 7.20ஐ 8.30 ஆக்கியது. அடுத்த வருடமே பக்கத்துப் பெருநகரமான மினியாபொலிஸ் 7.15ஐ 8.40 ஆக்கியது. 2014இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் எட்டரைக்கு முன்னர் பதின்வயதுப் பிள்ளைகளின் வகுப்பைத் தொடங்காதீர்கள் என்று அறிக்கை விட்டது. கலிபோர்னியா 2019இல் அதைச் சட்டமாக்கி 2022 ஜூலையிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது, பெரிய வகுப்புகள் 8.30க்கு முன்னர் கூடாது, நடுத்தர வகுப்புகள் 8.00க்கு முன்னர் கூடாது, கிராமப்புறப் பகுதிகளுக்கு மட்டும் விலக்கு.

எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பிந்தித் தொடங்கினால் பிள்ளைகள் இன்னும் பிந்தித்தானே படுப்பார்கள்? நியாயமான கேள்வி. சியாட்டில் நகரம் 2016இல் 7.50 என்றிருந்ததை 8.45 ஆக்கியபோது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் பிள்ளைகளின் கையில் அசைவைப் பதியும் பட்டியைக் கட்டி அளந்தார்கள், வாயால் சொல்வதை நம்பாமல். மணியைத் தள்ளியது 55 நிமிடம், நித்திரை கூடியது 34 நிமிடம். சிங்கப்பூரில் ஒரு பெண்கள் பாடசாலை 2016இல் மணியை 45 நிமிடம் தள்ளி எட்டே கால் ஆக்கியது. அங்கே பிள்ளைகள் படுக்கப்போன நேரம் வெறும் 9 நிமிடம்தான் பிந்தியது, எழும்பிய நேரம் 32 நிமிடம் பிந்தியது, ஆகப் படுக்கையில் இருந்த நேரம் 23 நிமிடம் கூடியது. ஒன்பது மாதம் கழித்து மறுபடி பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. சிங்கப்பூரைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, அங்கேயும் நம்மைப்போலப் பரீட்சை, டியூசன் என்று உயிரை விடுகிற பெற்றோர்தான்.

ஆக, தள்ளியதில் பாதியோ அதற்குச் சற்றுக் கூடவோ நித்திரையாகக் கைக்கு வருகிறது, மிச்சம் எங்கேயோ போய்விடுகிறது. அரை மணித்தியாலம் ஒரு பெரிய விசயமா என்று கேட்கலாம். அலாரத்தை அமத்திவிட்டு இன்னொரு அரை மணித்தியாலம் படுத்துப் பாருங்கள், அதற்குப் பிறகு கேளுங்கள். சியாட்டிலில் இன்னொன்றும் கவனித்தார்கள், ஆராய்ந்த இரண்டு பள்ளிக்கூடங்களில் வசதி குறைந்த பிள்ளைகள் அதிகம் படித்த பள்ளிக்கூடத்தில்தான் வரவு கூடியது, பிந்தி வருவது குறைந்தது. மற்றதில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. காரில் வந்து இறங்கும் பிள்ளைக்கும் பஸ்ஸுக்கு ஓடும் பிள்ளைக்கும் ஏழரை மணி ஒன்றல்ல என்று நான் இதை விளங்கிக்கொள்கிறேன்.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. இந்தோனேசியாவின் குபாங் நகரில் 2023இல் சில பள்ளிக்கூடங்களின் மேல்வகுப்புப் பிள்ளைகளை அதிகாலை ஐந்தரைக்கு வரச் சொன்னார்கள், ஒழுங்கு வளரும் என்று. பெற்றோர் கொதித்தார்கள், உலகமே வேடிக்கை பார்த்தது. மகாராஷ்டிராவில் 2024 பெப்ரவரியில் நாலாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு ஒன்பது மணிக்கு முன்னர் வகுப்பு வைக்கவேண்டாம் என்று உத்தரவு வந்தது. நல்ல மனதோடு செய்ததுதான், ஆனால் உடம்புக் கடிகாரத்தின் கணக்குப்படி பார்த்தால் முந்தி எழும்பக்கூடியவர்கள் சின்னப் பிள்ளைகள்தான், பெரிய வகுப்புகளைத் தொடாமல் விட்டுச் சின்ன வகுப்புகளை மட்டும் தள்ளியது எனக்கு முழுதாகப் புரியவில்லை. புளோரிடா இன்னும் வேடிக்கை, 2023இல் சட்டம் போட்டு, அது அமலுக்கு வருவதற்கு முன்னரே 2025இல் வேண்டாம் என்று கைவிட்டுவிட்டது. கூட பஸ் வேண்டும், கூட ஓட்டுநர் வேண்டும், காசு யார் கொடுப்பது என்ற இடத்தில் நின்றுவிட்டது.

சட்டம் எதற்கு, ஒவ்வொரு பள்ளிக்கூடமும் தன் பாட்டில் முடிவெடுத்தால் என்ன? எடுத்துப் பாருங்கள். ஒரு அதிபர் துணிந்து எட்டரை என்கிறார் என்று வையுங்கள். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் தம்பி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழரைக்கு நிற்கவேண்டும், இருவரையும் ஏற்றுவது ஒரே வான். அப்பா எட்டரைக்கு கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலைக்கு இருக்கவேண்டும். பின்னேர டியூசன் மூன்றுக்குத் தொடங்கிவிடும், மற்றப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஒரு மாதத்தில் பெற்றோரே போய்ப் பழைய நேரத்தைக் கேட்பார்கள். ஒருவர் மட்டும் நகர முடியாது, நகர்ந்தால் எல்லாரும் சேர்ந்து நகரவேண்டும். கட்டாயம் என்ற சொல்லின் அர்த்தம் இவ்வளவுதான்.

நேரத்தை எல்லாருமாகச் சேர்ந்து நகர்த்திய அனுபவம் நமக்கும் உண்டு, மறந்துவிட்டோம். 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாடு என்று சொல்லி இலங்கையின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், ஒக்டோபரில் அரை மணித்தியாலம் திருப்பி எடுத்தார்கள், மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை அப்படியே கிடந்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது, ஆகவே நம்முடைய மாவட்டத்தில் ஒருவர் நேரம் சொன்னால் பழையதா புதியதா என்று கேட்கவேண்டியிருந்த காலம் அது. திருகோணமலையில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 5.45க்கும் 6.25க்கும் இடையில் உதிக்கும், பிந்தி உதிப்பது தை மாசிப் பக்கம். அதோடு அரை மணித்தியாலத்தைக் கூட்டிப் பாருங்கள், கடிகாரம் ஏழைத் தொடும்போதுதான் விடியும். நான் பள்ளிக்கூடம் போனது அந்தக் காலத்தில். மாரி மழையும் சேர்ந்துகொண்டால் டோர்ச்சை அடித்துக்கொண்டு ஒழுங்கை வெள்ளத்தைத் தாண்டி பஸ் நிற்கும் இடத்துக்குப் போன ஞாபகம் இருக்கிறது, தைப் பொங்கல் கழிந்து முதல் நாள் பள்ளிக்கூடம் என்றால் இன்னும் கண்ணுக்குள் அந்த இருட்டு. மணியின் இலக்கத்தைத் தொடாமல் கடிகாரத்தை முன்னே தள்ளினால், பள்ளிக்கூடத்தை முந்தித் தொடங்கியதற்குச் சமம் அது. அதை மின்சாரம் மிச்சம் பிடிப்பது என்று சொன்னார்கள், நாமும் கேட்டுக்கொண்டு எழும்பினோம்.

சரி, அப்படியென்றால் இங்கேயும் எட்டரை ஆக்கிவிடலாமே? இந்த இடத்தில் நான் கொஞ்சம் தயங்குகிறேன். ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விடும் பள்ளிக்கூடத்தை எட்டரைக்குத் தொடங்கினால் இரண்டரைக்கு விடவேண்டும், பாடங்களைக் குறைக்கப்போவதில்லை. 2025இல் பாடசாலை நேரத்தை இரண்டு மணி வரை நீட்டப்போகிறோம் என்று கதை வந்தபோதே எவ்வளவு சத்தம் எழுந்தது என்று பார்த்தோம். வைகாசியிலிருந்து ஆவணி வரை இங்கே கச்சான் அடிக்கும் காலம். மேற்கேயிருந்து காட்டையும் வயலையும் தாண்டிச் சூடாகி வருகிற அந்தக் காற்றில் மதியம் தகரக் கூரைக்குக் கீழே இருந்தவர்களுக்குத் தெரியும், கரும்பலகையில் சோக் எழுதும் சத்தம்கூடத் தாலாட்டு மாதிரிக் கேட்கும். மினசோட்டாவில் காலைப் பனியும் இருட்டும் பிரச்சினை, நமக்கு மத்தியானம் பிரச்சினை. காலையில் கொடுத்த நித்திரையை மத்தியான வெயில் திருப்பிப் பிடுங்கிக்கொண்டால் என்ன லாபம் என்ற கேள்விக்கு அமெரிக்க ஆய்வுகளில் பதில் தேட முடியாது.

வெள்ளிக்கிழமையை யோசியுங்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் பாடசாலைகள் ஜும்மாவுக்கு முன்னமே பிள்ளைகளை விட்டாகவேண்டும். எட்டரைக்குத் தொடங்கினால் அன்றைக்கு மிஞ்சுவது எத்தனை பாடம்? அதோடு சுபஹு தொழுகைக்கு எழும்பும் வீட்டில் மணி எத்தனைக்கு அடித்தாலும் விடியற்காலையில் விளக்குப் போடத்தான் செய்வார்கள், மார்கழியில் திருவெம்பாவைக்கு எழும்பும் வீட்டிலும் அதே கதை. கடற்கரைப் பக்கம் போனால் இன்னும் முந்தி, தோணி கரைக்கு வரும் நேரம்தான் அங்கே வீட்டின் அலாரம்.

இன்னொரு விசயம், இதை எந்த ஆங்கில விளக்கத்திலும் நான் காணவில்லை. நம்முடைய பிள்ளைகள் பலர் இரண்டு மணிக்கு வந்து சோற்றைச் சாப்பிட்டுவிட்டு ஒரு நித்திரை கொள்கிறார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தையும் சேர்த்து எண்ணினால் கணக்கு அவ்வளவு மோசமில்லை என்று சொல்லலாம். ஆனால் மேலே சொன்ன நித்திரைப் பசியை நினைவில் வையுங்கள், பின்னேரம் நாலு மணிக்குக் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டால் இரவுப் பந்தியில் பசி எங்கிருந்து வரும்? மத்தியானம் நித்திரை கொண்ட பிள்ளைக்கு இரவு பன்னிரண்டு வரை கண் மூடாது, காலையில் மறுபடி ஸ்டூலில் சரியும். பிந்தித் தொடங்கினால் மத்தியான நித்திரைக்கு நேரம் இல்லாமல் போகும், அது நல்லதா கெட்டதா என்பது மொத்தமாக எத்தனை மணித்தியாலம் வருகிறது என்பதைப் பொறுத்தது.

ஆசிரியர்களையும் மறக்கக்கூடாது. நகரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து குச்சவெளிக்கும் திரியாய்க்கும் மூதூருக்கும் போகிறவர்கள், வரவுப் பதிவேட்டில் சிவப்புக்கோடு விழுவதற்கு முன் கையெழுத்து வைக்க ஓடுகிறவர்கள். எட்டு மணி என்றால் அவர்களுக்குக் காலையில் ஒரு மூச்சு கிடைக்கும். அதே ஆட்களிடம் பின்னேரம் மூன்றரைக்கு வீடு வந்து சேர்வீர்கள் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். நான் ஒரு ஆசிரியையிடம் கேட்டேன், "முதல் பாடம் என்ன தம்பி பாடம், அரைவாசி வகுப்பு கண்ணைத் திறந்துகொண்டு நித்திரை" என்றார். பிந்தித் தொடங்கலாமா என்றதற்கு, "பஸ்காரனைக் கேட்டுச் சொல்லுங்கோ" என்றார். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை.

பிரம்ம முகூர்த்தத்தில் படித்தால் மனதில் நிற்கும் என்று அம்மம்மா சொல்வார். நாங்கள் எல்லாம் நாலு மணிக்கு எழும்பிக் குப்பி விளக்கில் படித்தவர்கள் என்று அப்பா சொல்வார். இரண்டையும் நான் மறுக்கவில்லை, ஒரேயொரு கேள்விதான், இரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்? "எட்டுக்கே லாம்பை அணைத்துவிடுவோம், மண்ணெண்ணெய் யார் வீட்டில் இருந்தது?" என்று அவரே சொல்லிவிட்டார். எட்டிலிருந்து நாலு, முழுதாக எட்டு மணித்தியாலம். நாம் அந்தக் காலத்தின் காலைப் பாதியை மட்டும் எடுத்து, இந்தக் காலத்தின் இரவுப் பாதியோடு ஒட்டி வைத்திருக்கிறோம்.

என்னைக் கேட்டால், ஒன்பதாம் தரத்துக்கு மேலே எட்டு மணி என்று வைத்துப் பார்க்கலாம், இரண்டு மணிக்கு விடலாம், முழு மாவட்டமும் ஒரே நாளில் மாறவேண்டும், இ.போ.ச. என்ற அரசாங்க பஸ்ஸும் மாணவருக்கான சிசு செரிய பஸ்ஸும் அதற்கேற்ப நேரத்தை மாற்றவேண்டும். ஆனால் அதற்கு முதல் தொடவேண்டியது பள்ளிக்கூட மணியே இல்லை. மருமகளை நாலே முக்காலுக்கு எழுப்பியது ஏழரை மணியா? பள்ளிக்கூடத்துக்கு மட்டும் என்றால் ஆறேகாலுக்கு எழும்பினால் போதும், வீட்டிலிருந்து ஓட்டோவில் ஐந்து நிமிடம். அவளை எழுப்பியது ஐந்தே முக்கால் டியூசன். விடியற்காலை டியூசனை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட மணியை மட்டும் அரை மணித்தியாலம் தள்ளினால் என்ன நடக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை, டியூசன் அரை மணித்தியாலம் நீளும். திரியாயிலிருந்தோ தம்பலகாமத்திலிருந்தோ பஸ்ஸில் வருகிற பிள்ளைக்குக் கதை வேறு, அவளை எழுப்புவது முதல் பஸ். யாரை எது எழுப்புகிறது என்று முதலில் பார்க்கவேண்டும்.

நாங்கள் வீட்டில் ஒரு வேலை செய்தோம், நீங்களும் செய்து பார்க்கலாம், காசு செலவில்லை. பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து, கோடு போட்டு, ஏழு நாளும் பிள்ளை படுத்த நேரம், எழுப்பிய நேரம், மத்தியானம் கொண்ட நித்திரை, மூன்றையும் எழுதினோம். படுத்த நேரம் என்றால் கட்டிலுக்குப் போன நேரம் அல்ல, லைட்டும் ஃபோனும் அணைந்த நேரம். மருமகள் முதல் இரண்டு நாள் பொய் எழுதினாள், பிறகு அவளுக்கே சுவாரசியம் வந்து நிமிடம் பிசகாமல் எழுதத் தொடங்கினாள். திங்கள் 5 மணி 40 நிமிடம். செவ்வாய் 5.50. புதன் டியூசன் இல்லை, 7.10. வியாழன் மறுபடி 5.45. சனி காலை பத்து வரை எழுப்பவே முடியவில்லை. ஞாயிறு அறநெறி வகுப்பு. சனிக்கிழமைக்கும் டியூசன் நாட்களுக்கும் இடையில் எழும்பும் நேரத்தில் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசம், அதாவது பிள்ளை ஒவ்வொரு கிழமையும் இந்த வீட்டை விட்டு நகராமலே லண்டன் போய்த் திரும்பி வருகிறாள்.

கொப்பியைப் பார்த்த பிறகு அக்கா ஃபோனைப் பற்றிக் கதைக்கவில்லை. நேரே டியூசன் மாஸ்டரிடம் போனாள், இன்னும் ஏழெட்டுத் தாய்மாரையும் கூட்டிக்கொண்டு. அவர் நல்ல மனிதர், காலையில் பிள்ளைகள் தூங்கி வழிவது தனக்கும் தெரியும் என்றார், பின்னேரம் நாலுக்கு மாற்றித் தரலாம் என்றார். போன திங்கள் முதல் மாறிவிட்டது. மருமகள் இப்போது ஆறு மணிக்கு எழும்புகிறாள், பின்னல் ஒரே மூச்சில் முடிகிறது. நாலு மணிக்குத்தான் வலைப்பந்துப் பயிற்சியும். அதை விட்டுவிட்டாள், பயிற்சிச் சப்பாத்து இன்னும் வாசலில்தான் கிடக்கிறது.